கைக்குச் சூடு வேண்டும், பேட்டரியும் படுக்கக் கூடாது

வாசகர் கேள்வி – பதில்

மார்கழி பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் ஊர்ப் பெயர்கள் மாறிவிடும். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல், வால்பாறை என்று மலையூர்களாக வரும். இம்முறை பாதிக்கு மேல் ஹீட்டட் கிரிப், அதாவது கரண்டில் சூடாகும் பைக் கைப்பிடி பற்றியே கேட்டிருப்பதால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டோம்.

என்னிடம் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி ஊட்டிக்குப் போக வேண்டிய வேலை. தொட்டபெட்டா அருகே வரும்போது விரல் மரத்துப்போய் கிளட்ச் பிடிக்க முடிவதில்லை. 4 ஆம்பியர் எடுக்கும் ஹீட்டட் கிரிப் வாங்க நினைக்கிறேன். 8 ஏஹெச் (ஆம்பியர் அவர்) பேட்டரி தாங்குமா? ஏற்கெனவே 20 வாட் ஃபாக் லைட் இரண்டு உண்டு. (கோத்தகிரி வாசகர்)

முதலில் குளிரைப் பற்றி. காற்று 5 டிகிரியில் இருக்க, 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மூடாத தோலுக்கு அது சுழிக்குக் கீழே 2 டிகிரி போல உறைக்கும். கிரிப் சூடாக்குவது உள்ளங்கையையும் விரல்களின் உட்புறத்தையும்தான். புறங்கையில் காற்று அறைந்துகொண்டே இருந்தால் எத்தனை ஆம்பியர் கொடுத்தாலும் போதாது. கைக்கு முன்னால் காற்றை மறிக்கும் ஹேண்ட் கார்டு இல்லையென்றால் அதை முதலில் மாட்டுங்கள். உள்ளங்கைப் பக்கம் பஞ்சு அடைத்த தடித்த கையுறையும் வேண்டாம், வருகிற சூட்டை அதுவே மறித்துவிடும்.

இனி கணக்கு. ஓடுகிற வண்டியில் கரண்ட் தருவது என்ஜினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயில், பேட்டரி அல்ல. ஆகவே பேட்டரி தாங்குமா என்பதைவிட மேக்னட் கொடுக்குமா என்றுதான் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியினுடையது 220 வாட் வகை. ஹாலஜன் லோ பீமுக்கு 55 வாட் போகிறது. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), இக்னிஷன் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 80. டெயில் லேம்ப், மீட்டர், மற்ற சில்லறைகளுக்கு 15. ஆக 150 போனால் கையில் நிற்பது 70.

கிரிப்பின் பெட்டியில் 4 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பது 12 வோல்ட்டுக்கான கணக்கு. 12-இல் 4 ஆம்பியர் எடுப்பதன் ரெசிஸ்டன்ஸ் 3 ஓம். ஓடும் வண்டியில் 13.8 வோல்ட் இருக்கும், அதை 3-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். வாட்டில் சொன்னால் 63. அதாவது ஃபாக் லைட் அணைந்திருந்தால் முழுச் சூட்டுக்கு மட்டுமட்டாகப் போதும். ஃபாக் லைட்டின் 40 வாட்டும் சேர்ந்தால் 30 வாட் துண்டு விழும், அந்தத் துண்டைப் பேட்டரி கைக்காசு போட்டு ஈடுகட்டும். அதுவும் 220 வாட் என்பது என்ஜின் நல்ல சுழற்சியில் இருக்கும்போது கிடைப்பது. கேட் போட்ட இடத்தில் ஐடிலில் நின்றால் அதில் ஒரு பகுதிதான் வரும்.

இதனால் கிரிப்பே வேண்டாம் என்பதில்லை. முழுச் சூடு தேவைப்படுவது முதல் ஐந்து, பத்து நிமிடத்துக்குத்தான். ரப்பர் சூடேறிய பிறகு 40 அல்லது 50 சதவீதத்தில் வைத்தால் 25 முதல் 32 வாட்டில் ஓடிவிடும், ஃபாக் லைட்டுக்கும் இடம் கிடைக்கும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு கிரிப்பில் இருப்பது போலப் படிப்படியாகக் குறைக்கும் கன்ட்ரோலர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆன், ஆஃப் மட்டும் உள்ளது உங்கள் வண்டிக்கு ஒத்துவராது.

மாட்டிய பின் ஒரு சோதனை: ஹெட்லைட், ஃபாக் லைட், கிரிப் எல்லாவற்றையும் போட்டு 3,000 ஆர்பிஎம்மில் நிறுத்தி, மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளிலேயே வைத்துப் பாருங்கள். 13.2-க்கு மேல் நின்றால் கவலையில்லை. 12.8-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி கரைந்துகொண்டிருக்கிறது, எதையாவது அணைத்தாக வேண்டும். மிச்சம் பிடிக்கலாம் என்று ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பைச் செருகாதீர்கள். ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். மலைப்பாதையில் அது கைமரப்பை விடப் பெரிய ஆபத்து.

வாரண்டியில் இருக்கும் புது வண்டி. வயரிங்கை வெட்டாமல் ஹீட்டட் கிரிப் மாட்ட முடியுமா? ரிலே அவசியமா? என்னென்ன பொருள், எவ்வளவு வாங்குவது என்று விவரமாகச் சொல்லுங்கள். (பெங்களூரு வாசகர்)

முடியும். கிரிப்புக்கான கரண்ட்டைப் பேட்டரியிலிருந்து தனிப்பாதையில் கொண்டுபோய், அந்தப் பாதையைச் சாவி போட்டால் மட்டும் திறக்கும்படி செய்ய வேண்டும். அந்தக் கதவுதான் ரிலே. சாவி சுவிட்ச் வழியாக 4.6 ஆம்பியர் போவதற்குப் பதில், ரிலே காயிலுக்கான 0.15 ஆம்பியர் மட்டும் போகும். கம்பெனி வயரிங்குக்கு அது ஒரு சுமையே இல்லை.

வாங்க வேண்டியவை: 12 வோல்ட் 30 ஆம்பியர் நான்கு பின் ரிலே ஒன்று, சாக்கெட்டோடு. மூடி போட்ட பிளேடு ஃப்யூஸ் ஹோல்டர் ஒன்று, 7.5 ஆம்பியர் ஃப்யூஸ் மூன்று (இரண்டு ஸ்பேர்). சிவப்பும் கறுப்புமாக 1 ஸ்கொயர் எம்எம் ஆட்டோ வயர் இரண்டிரண்டு மீட்டர். வேறு நிறத்தில் முக்கால் ஸ்கொயர் ஒரு மீட்டர். 6 மி.மீ. துளை ரிங் லக் (வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) இரண்டு. சாக்கெட்டில் வயர் ஏற்கெனவே வரவில்லையென்றால் 6.3 மி.மீ. பெண் லக் நான்கு. உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) அரை மீட்டர், கேபிள் டை ஒரு பத்து. வீட்டு வயரிங்குக்கு விற்கும் ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம், அதிர்வில் முறிந்துவிடும். பல இழை வயர்தான் வேண்டும்.

ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண் பொறித்திருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30-க்கு. 87-இலிருந்து கிரிப் கன்ட்ரோலரின் சிவப்பு வயருக்கு. 86-க்குச் சாவி போட்டால் உயிர் பெறும் ஒரு வயர். 85 நெகட்டிவுக்கு. உள்ளே டயோடு வைத்த ரிலேயாக இருந்தால் 86-உம் 85-உம் இடம் மாறக் கூடாது, மாறினால் டயோடு போய்விடும். கிட்டோடு வரும் ஹார்னஸில் (வயர்க் கட்டில்) ஏற்கெனவே ஃப்யூஸ் இருந்தால் அதை எடுக்காதீர்கள், அதன் மதிப்பை ஏற்றவும் வேண்டாம். நீங்கள் போடும் 7.5 ஆம்பியர் ஃப்யூஸ் உங்கள் வயருக்குக் காவல், கிட்டின் ஃப்யூஸ் கிரிப்புக்குக் காவல். உங்கள் ஃப்யூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். முன்பக்கம் ஹெட்லைட் அருகே வைத்தால், அதுவரை ஓடும் ஒன்றரை மீட்டர் வயர் டேங்குக்கு அடியில் உரசி ஷார்ட் ஆகும்போது தடுக்க ஆளில்லை.

86-க்கு எந்த வயர்? சீட்டுக்கு அடியிலேயே கிடைக்கும் டெயில் லேம்ப் வயர்தான் வசதி. பேட்டரியும் ரிலேயும் அங்கேயே இருப்பதால் முன்பக்கம் ஓட வேண்டியதில்லை. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் பிடித்துத் தேடுங்கள். சாவி போட்டால் 12, எடுத்தால் 0 காட்ட வேண்டும். பிரேக் மிதித்தால் மட்டும் 12 வருவது பிரேக் லைட், அது ஆகாது. சாவியில் பார்க்கிங் நிலை உள்ள வண்டிகளில் அந்த நிலையிலும் டெயில் லேம்ப் எரியும், அதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் ஹெட்லைட் தானாகவே எரியும். சிலவற்றில் என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகுதான் எரியும். உங்கள் வண்டி அந்த ரகமென்றால் ஹெட்லைட் வயர் இன்னும் நல்ல தேர்வு, செல்ஃப் அடிக்கும்போது கிரிப் பேட்டரியைப் பங்குபோடாது. ஏபிஎஸ், இசியு, பெட்ரோல் பம்ப் வயர்களை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

வெட்டாமல் எடுக்கும் வழி இது. டெயில் லேம்ப் வயர்களைச் செருகி இணைக்கும் கப்ளரின் இரண்டு பாதிக்கும் நடுவே, அதே வகை ஆண், பெண் கப்ளர் வைத்த சிறு துண்டு ஹார்னஸ் ஒன்றைச் செருகி, அதிலிருந்து கிளை எடுங்கள். நாளை கழற்றினால் வண்டி பழையபடியே இருக்கும். கேடிஎம் போன்ற சில வண்டிகளில் ஏசிசி (அக்சஸரி, கூடுதல் சாதனங்களுக்கானது) என்று குறித்த காலி கப்ளர்களே தயாராகத் தொங்கும். எது சாவியோடு வருகிறது, எது எப்போதும் உயிரோடு இருக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு இணையுங்கள்.

எர்த் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிரிப்பின் கறுப்பு வயரை ஹேண்டில்பார் போல்ட்டிலோ ஃபோர்க்கின் ஏதாவது ஒரு நட்டிலோ கட்டிவிடுவார்கள். அங்கிருந்து கரண்ட் சேஸிஸுக்குத் திரும்ப வேண்டுமானால் ஹேண்டிலைத் திருப்ப உதவும் ஹெட் பேரிங்கின் குண்டுகளையும் கிரீஸையும் தாண்டித்தான் போக வேண்டும். ஹேண்டில் திரும்பும் பக்கமெல்லாம் சூடு கூடிக் குறைந்தால் காரணம் இதுவே. சோம்பல் பாராமல் கறுப்பு வயரையும் பேட்டரி நெகட்டிவ் வரை கொண்டுவந்துவிடுங்கள்.

லக் அடிக்கும் முன் 7 மி.மீ. உறை உரித்து, இழைகளை முறுக்கி, கிரிம்ப் பிளையரால் அழுத்தி, பிறகு இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் நல்லது, இப்போதே தெரிந்தது. ஈயம் வைத்தால் உறுதி என்பது வீட்டு மின்சாரப் பழக்கம். வண்டியில் ஈயம் முடியும் இடத்தில் வயர் கம்பிபோல விறைத்து, அதிர்வில் சரியாக அங்கேயே முறியும். வயரை மெயின் ஹார்னஸோடு சேர்த்துக் கட்டி, சைலன்சர் பென்டிலிருந்து தள்ளி, கழுத்துப் பகுதியில் மட்டும் ஒரு வளையம் தொய்வு விட்டு மேலே ஏற்றுங்கள். ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பி எங்கும் இழுபடாமலும் ஸ்டாப்பரில் நசுங்காமலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கேபிள் டையை இறுக்கலாம். பேட்டரி நெகட்டிவை வேலை தொடங்கும் முன் முதலில் கழற்ற வேண்டும், முடிந்ததும் கடைசியில் மாட்ட வேண்டும்.

கன்ட்ரோலர் ஐடிலில் தானாக அணைகிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்து மீண்டும் போட்டால் வேலை செய்கிறது. பேட்டரியில் 12.6 வோல்ட், கிரிப் கன்ட்ரோலருக்குள் போகும் இடத்தில் 11.3 வோல்ட் காட்டுகிறது. ஹாரன் வயரிலிருந்து நீல கிளிப் போட்டு கரண்ட் எடுத்துக் கொடுத்தார் மெக்கானிக். கன்ட்ரோலர் பழுதா? (குன்னூர் வாசகர்)

அளந்து எழுதினீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. கன்ட்ரோலர் நன்றாகத்தான் இருக்கிறது. பேட்டரி வடிந்துவிடாமல் காக்க, 11.5 வோல்ட் அளவில் தானே அணையும்படி இத்தகைய கன்ட்ரோலர்களை அமைத்திருப்பார்கள். பேட்டரியில் 12.6 இருந்தாலும் அதற்குத் தெரிவது 11.3 மட்டும். நடுவே 1.3 வோல்ட்டை யாரோ விழுங்குகிறார்கள்.

4 ஆம்பியர் ஓடும்போது 1.3 வோல்ட் விழுந்தால் வழியில் 0.33 ஓம் தடை இருக்கிறது. 1 ஸ்கொயர் வயர் போக வர 3 மீட்டர் இருந்தாலும் 0.06 ஓம் தாண்டாது. ஆக வயர் குற்றவாளி இல்லை, இணைப்புதான். சந்தேகம் முதலில் அந்த நீல கிளிப்பின் மேல். அதன் உள்ளே இருக்கும் தகடு, வயரின் உறையைக் கிழித்து இழைகளைக் கவ்வுகிறது. கவ்வும்போதே நாலைந்து இழையை அறுத்தும் விடுகிறது. அந்த வாயை மூட எதுவுமில்லை, குன்னூர் மூடுபனி உள்ளே போய்வரும். திறந்து பாருங்கள். செம்பு பச்சைப் பொடி பூத்து, தகட்டை ஒட்டிய பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். 1.3 வோல்ட்டை 4 ஆம்பியரால் பெருக்கினால் 5 வாட். பார்க்கிங் பல்பின் சூடு முழுக்க அந்தக் கடுகளவு இடத்தில் இறங்குகிறது.

ஹாரனில் எடுத்ததற்கும் காரணம் உண்டு. பல வண்டிகளில் ஹாரன் சுவிட்ச் எர்த் பக்கம் இருப்பதால், சாவி போட்டதுமே ஹாரனின் ஒரு வயரில் 12 வோல்ட் வந்து காத்திருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, எடுத்துவிடுகிறார்கள். நொடிக்கணக்கில் அடிக்கும் ஹாரனுக்கு அந்த வழி போதும். மணிக்கணக்கில் 4 ஆம்பியர் ஓடினால் சாவி சுவிட்சின் பாயிண்டும் சூடேறும், ஃப்யூஸும் ஹாரனோடு பங்கு. நாளை ஃப்யூஸ் போனால் கொண்டை ஊசி வளைவில் ஹாரனும் இருக்காது.

எங்கே விழுகிறது என்று உறுதி செய்ய, கிரிப்பை முழுச் சூட்டில் ஓடவிட்டு, மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பு முனையை கன்ட்ரோலரின் சிவப்பு வயரிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாசிட்டிவ் வழியில் கோளாறு. அதேபோல் பேட்டரி நெகட்டிவுக்கும் கன்ட்ரோலரின் கறுப்புக்கும் இடையே பாருங்கள். கிரிப் அணைந்திருக்கும்போது இந்தச் சோதனை செய்தால் எல்லாம் சுத்தமாகவே காட்டும், ஏமாறாதீர்கள். கரண்ட் ஓடினால்தான் வோல்ட் விழும். சரிசெய்யும் வழி, மேலே பெங்களூரு வாசகருக்குச் சொன்ன ரிலே வழிதான். கிளிப் இருந்த இடத்தில் ஹாரன் வயரையும் நறுக்கி, புதிதாக லக் அடித்து ஸ்லீவ் போட்டுவிடுங்கள்.

ரிலே வைத்து நானே மாட்டினேன். சாவியை எடுத்தால் கிரிப் சூடாகிறது, சாவி போட்டால் அணைகிறது! (கூடலூர் வாசகர்)

ஐந்து பின் ரிலே வாங்கியிருக்கிறீர்கள். நடுவில் 87ஏ என்று ஒரு பின் இருக்கிறது பாருங்கள், கிரிப் வயர் அதில் இருக்கிறது. ரிலே உறங்கும்போது 30-ஓடு சேர்ந்திருப்பது 87ஏ, விழித்தால் சேர்வது 87. வயரை 87-க்கு மாற்றுங்கள். பேட்டரியை இன்றிரவே சார்ஜில் போடுவது நல்லது.

வலது கிரிப் நல்ல சூடு, இடது கிரிப் வெதுவெதுப்பு. மாற்றித் தருமாறு கடையில் கேட்கலாமா? (கொடைக்கானல் வாசகர்)

கேட்கும் முன் இரண்டு கிரிப்பின் கப்ளரையும் கழற்றி, மீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து அளந்துவிடுங்கள். 4 ஆம்பியர் கிட் என்றால் ஒவ்வொன்றும் 6 ஓம் பக்கத்தில் காட்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கிரிப்பில் குறையில்லை. வலது கிரிப் உட்கார்ந்திருப்பது ஆக்சிலரேட்டரின் பிளாஸ்டிக் குழாய் மேல், சூடு உள்ளே இறங்காது. இடது கிரிப் நேராக 22 மி.மீ. இரும்புக் குழாய் மேல். குளிர்ந்த இரும்பு சூட்டை உறிஞ்சி ஹேண்டில்பார் முழுக்கப் பரப்பிவிடுகிறது. கால் மணி நேரம் ஓடினால் வித்தியாசம் குறையும், முழுவதும் மறையாது. கிரிப்பின் துளையில் இடமிருந்தால் இடப்பக்கக் குழாய் மேல் ஒரு சுற்று மெல்லிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றிவிட்டு மாட்டலாம், தெரியும்படி மாற்றம் இருக்கும்.

உங்களுடையது ரப்பருக்கு அடியில் ஒட்டும் ஃபிலிம் வகையென்றால் வேறு சந்தேகமும் உண்டு. அதில் இந்த இரும்புத் தொல்லைக்காகவே கிளட்ச் பக்க ஃபிலிமைக் கூடுதல் வாட்டில் தருவார்கள். இரண்டையும் இடம் மாற்றி ஒட்டியிருந்தால் வலது கை பொறுக்க முடியாத சூடும் இடது கை சில்லென்றும் இருக்கும். ஃபிலிமின் ஓர விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும், மடிந்தாலும் அந்த இடம் கருகும். சில கிட்டுகளில் குறைந்த சூட்டுக்கென்று ஒரு பீங்கான் ரெசிஸ்டர் இருக்கும். அதை வயர்க் கட்டுக்குள் வைத்துச் சுற்றாமல், சேஸிஸ் இரும்பில் ஒட்ட வையுங்கள், மிச்சச் சூடெல்லாம் அதில்தான் இறங்குகிறது.

இரு பக்கமும் சமமாக வெதுவெதுப்பு, 100 சதவீதத்திலும் அதற்கு மேல் ஏறவில்லை என்று ஏற்காட்டிலிருந்தும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்: வயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அதாவது சீரிஸில் இணைந்திருக்கின்றன. 6-உம் 6-உம் சேர்ந்து 12 ஓம், மொத்தமே 1.15 ஆம்பியர்தான் ஓடும், சூடு கால்பங்கு. இரண்டு கிரிப்பின் பாசிட்டிவும் ஒரு புள்ளியில், நெகட்டிவும் ஒரு புள்ளியில் சேர வேண்டும். வேண்டுமென்றே இப்படி மாற்றும் சுவிட்ச் வைத்து 'லோ', 'ஹை' தரும் மலிவுக் கிட்டுகளும் உண்டு. சுவிட்சின் பின்னால் வயர் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

கிரிப்பை ஏற்றுவதில் என்ன கவனிக்க வேண்டும்? ஃபெவிக்விக் போடலாமா? (சேலம் வாசகர்)

போடலாம். ஆனால் நினைப்பதற்குள் பிடித்துக்கொள்ளும் சரக்கு அது. அதனால் பசையில்லாமல் முதலில் ஏற்றிப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் குழாயில் பழைய கிரிப்புக்கான வரிகள் துருத்திக்கொண்டிருந்தால் 120 நம்பர் எமரித் தாளால் தேய்த்துச் சமன் செய்யுங்கள். பழைய ரப்பரைக் கழற்ற சோப்புத் தண்ணீர் விட்டிருந்தால் நன்றாகத் துடைத்து, ஸ்பிரிட் போட்டு எண்ணெய்ப் பசை போக்கிக் காயவிடுங்கள். துளை பெரியது வலது, சிறியது இடது. சுத்தியலால் தட்டி ஏற்றாதீர்கள், உள்ளே இருக்கும் சூடேற்றும் இழை அறுந்துவிடும். பசை தடவியபின் ஒரே மூச்சில், லேசாகத் திருகிக்கொண்டே தள்ள வேண்டும். பாதியில் நின்று யோசித்தால் அங்கேயே நிற்கும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகே சூட்டைப் போட வேண்டும்.

வலது கிரிப்பின் வயர் வெளிவரும் இடம்தான் இந்த வேலையிலேயே முக்கியமானது. ஆக்சிலரேட்டரோடு அந்த வயரும் சேர்ந்து சுழலும். மூடிய நிலையில் வயர் எங்கே நிற்கிறது, முழுக்க முறுக்கினால் எங்கே போகிறது என்று பசைக்கு முன்பே பார்த்து, பேனாவால் குறி போட்டுக்கொள்ளுங்கள். எந்த நிலையிலும் பிரேக் லீவரிலோ சுவிட்ச் கட்டையிலோ சிக்கக் கூடாது, விறைப்பாக இழுபடவும் கூடாது. கிரிப்பின் வெளி நுனிக்கும் ஹேண்டில் முனையில் இருக்கும் பார் எண்ட் எடைக்கும் நடுவே 1 முதல் 2 மி.மீ. சந்து விடுங்கள். முடிந்ததும் என்ஜின் அணைந்த நிலையில் ஹேண்டிலை இடக்கோடி, நடு, வலக்கோடி என மூன்று நிலையிலும் வைத்து ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். 'டப்' என்று தானே திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் வண்டியை எடுக்காதீர்கள்.

வால்பாறையில் எஸ்டேட் வேலைக்குப் போகிறேன். பழைய 100 சிசி வண்டி. இதில் மாட்டலாமா? ஹெட்லைட் வயரில் ரிலே வைத்துப் பார்த்தோம், 'டர்ர்ர்' என்று சத்தம் வருகிறது. (வால்பாறை வாசகர்)

அந்தச் சத்தமே பதில். அந்தக் கால வண்டிகளில் ஹெட்லைட் மேக்னட்டிலிருந்து நேரே ஏசியில் எரிகிறது. டிசி ரிலேயின் காயிலுக்கு ஏசி கொடுத்தால் நொடிக்குப் பல முறை ஒட்டி விலகி அப்படித்தான் டர்ரென்று துடிக்கும், பாயிண்டும் தீய்ந்துபோகும். எலக்ட்ரானிக் கன்ட்ரோலரை அந்த வயரில் நேரே கொடுத்தாலோ அதுவே போய்விடும். பேட்டரி பக்கமிருந்து எடுக்கலாமென்றால் இருப்பது 3 ஏஹெச் அளவு, அதை நிரப்ப மேக்னட் ஒதுக்குவதும் சொற்பம். முழுச் சூட்டில் ஒரு மணி நேரம்கூட நிற்காது.

உங்களுக்கு ஹேண்டில் மேல் கைவிட்டுக்கொள்ளும் ரெக்சின் உறை போதும். பார்க்க அழகில்லைதான். காற்றையும் மழையையும் சேர்த்து மறைக்கும், கரண்டும் கேட்காது. உறைக்குள் கையை விட்டு, உடனே வெளியே எடுக்க வருகிறதா என்று மட்டும் நிறுத்திய வண்டியில் பழகிக்கொள்ளுங்கள்.

ஹீட்டட் கிரிப் போட்டால் மைலேஜ் குறையுமா? (ஓசூர் வாசகர்)

தெரியும்படி குறையாது. 63 வாட் என்பது 0.08 குதிரைத்திறன். மேலும் மேக்னட்டின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெரும்பாலான வண்டிகளில் ஷண்ட் வகை. மேக்னட் எப்போதும் முழு அளவில் கொடுத்துக்கொண்டே இருக்கும், தேவைக்கு மிஞ்சியதை ரெகுலேட்டர் ஷார்ட் செய்து சூடாக்கி வீணடிக்கும். வீணாகிற அந்தச் சூட்டில் கொஞ்சத்தைத்தான் உங்கள் கை வாங்கிக்கொள்கிறது.

கிரிப் வயரை நேராக பேட்டரியில் மாட்டினேன், ரிலே இல்லை. கன்ட்ரோலர் தானாகவே அணைந்துவிடும் என்றார்கள். மாதம் ஒருமுறைதான் வண்டி எடுப்பேன். இப்போது செல்ஃப் எடுப்பதில்லை. (ஊட்டி வாசகர்)

அணைந்த கன்ட்ரோலரும் முழுதாக உறங்குவதில்லை, உள்ளே சிறு சுற்று விழித்தே இருக்கும். 5 மில்லி ஆம்பியர் என்றாலும் ஒரு மாதத்துக்கு 720 மணி நேரம், 3.6 ஏஹெச் ஆகிறது. 8 ஏஹெச் பேட்டரியில் ஏறத்தாழ பாதி. அதோடு சுழி டிகிரி குளிரில் லெட் ஆசிட் பேட்டரியின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு தானாகவே குறையும். இரண்டும் சேர்ந்தால் செல்ஃப் எங்கே எடுக்கும்?

அளந்து பார்க்க: சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே பிடியுங்கள். அங்கே ஒன்றும் பெரிதாகக் காட்டவில்லையென்றால் மில்லி ஆம்பியர் நிலைக்கு இறங்குங்கள். இந்த நிலையில் மறந்தும் சாவி போடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போகும். கிரிப்பின் ஃப்யூஸை உருவியதும் எண் எவ்வளவு குறைகிறதோ, அதுதான் கிரிப் திருடிய அளவு. ரிலே போட்டால் அது சுழியாகிவிடும்.

கிரிப் மாட்டி இரண்டு வருடம் ஆகிறது. ஜூனில் லடாக் போனபோது வலது பக்கம் மட்டும் விட்டுவிட்டு வேலை செய்தது, ஆக்சிலரேட்டர் முறுக்கினால் வரும், விட்டால் போகும். இப்போது சுத்தமாக இல்லை. (கோவை வாசகர்)

வலது கிரிப்பின் வயர், ரப்பரை விட்டு வெளிவரும் கழுத்தில் உள்ளுக்குள் முறிந்திருக்கிறது. ஒவ்வொரு முறுக்கலிலும் வளைவது அந்த ஒரு சென்டிமீட்டர்தான். மேலுறை முழுதாக இருக்கும், உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். கப்ளரைக் கழற்றி, மீட்டரை ஓமில் வைத்து, வயரின் கழுத்தை விரலால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். 6 ஓம் தோன்றித் தோன்றி மறைந்தால் அதேதான். எந்த வளைவிலும் எதுவுமே காட்டவில்லையென்றால் இழை உள்ளேயே போயிருக்கவும் வாய்ப்புண்டு, அப்போது கிரிப்பையே மாற்ற வேண்டும்.

முறிவு ரப்பருக்கு வெளியே ஒரு சென்டிமீட்டராவது தள்ளி இருந்தால் காப்பாற்றலாம். முறிந்த துண்டை நறுக்கி எடுத்து, சிலிக்கான் உறை போட்ட மெல்லிய பல இழை வயரை கிரிம்ப் ஸ்லீவ் வைத்து இணைத்து, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் இரண்டு சுற்று ஏற்றுங்கள். இணைப்பு வளையும் இடத்தில் வராமல், கீழே ஹேண்டில்பாரோடு கேபிள் டை போட்டு அசையாமல் நிற்கும் இடத்தில் வர வேண்டும். கிரிப்பிலிருந்து அந்த முதல் கேபிள் டை வரை ஒரு சிறு வளையம் தொய்வு விடுங்கள். இரண்டு வருடம் முன்பு மாட்டியவர் அழகுக்காக அதை இழுத்துக் கட்டியிருப்பார்.